கடைசி ஐந்து இலக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் சதுரங்கப் பலகையும் அரிசியும் கதை வந்திருந்தது. முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போகும்படி ராஜாவிடம் ஒருவர் கேட்கும் கதை. நன்றாக எழுதியிருந்தார்கள், படமும் அழகு. ஆனால் முடிவில் கொட்டை எழுத்தில் மொத்த அரிசி 18446744073709500000 என்று போட்டிருந்தீர்கள். அது தப்பு. சரியான எண் 18446744073709551615.

இருபது இலக்க எண்ணில் கடைசி ஐந்து இலக்கம் போனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கத் தோன்றும். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். ஞாயிறு காலை காபியோடு அந்தப் பக்கத்தை நானும் படித்தேன், எண்ணையும் பார்த்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திங்கட்கிழமை சாயந்திரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தத் துண்டை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள். "மிஸ், முதல் கட்டத்தில மட்டும்தான் ஒண்ணு. மீதி 63 கட்டமும் இரட்டைப்படை. எல்லாத்தையும் கூட்டினா ஒற்றைப்படைதானே வரணும்? இது சைபர்ல முடியுதே?" என்று கேட்டாள். ஒரு பெருக்கல் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. 20 இலக்க எண் ஒன்றை அந்தப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் மடக்கிவிட்டாள். கணக்கு சொல்லித்தரும் எனக்கு அந்தச் சாயந்திரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

தப்பு எங்கே நடந்திருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. எக்செல்லில் 15 இலக்கத்துக்கு மேல் தட்டினால் மிச்சத்தை அது சைபர் ஆக்கிவிடும். நான் தட்டிப் பார்த்தேன், நீங்கள் அச்சிட்ட எண் அப்படியே வந்தது. போன் கால்குலேட்டரும் பல சமயம் முதல் சில இலக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். பரவாயில்லை, இயந்திரத்துக்கு இடம் அவ்வளவுதான். ஆனால் அப்படி வந்ததை அச்சில் ஏற்றும்போது 'சுமார்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காமல் சைபர்களோடு போட்டால் படிக்கிற பிள்ளை அதைச் சரியான எண் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்க இயந்திரமே தேவையில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது, அதற்கு முன்னால் உள்ள எல்லாக் கட்டத்தின் கூட்டுத்தொகையைவிட ஒன்றே ஒன்று அதிகம். 1, 2, 4 கூட்டினால் 7, அடுத்த கட்டத்தில் 8. ஆக, 65-வது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் எவ்வளவு வருமோ அதில் ஒன்றைக் கழித்தால் மொத்தம் கிடைத்துவிடும். 65-வது கட்டத்துக்கு 2-ஐ 64 முறை பெருக்க வேண்டும். அதையும் 64 முறை பெருக்க வேண்டாம், ஆறே முறை வர்க்கம் எடுத்தால் போதும். 2-ன் வர்க்கம் 4, அதன் வர்க்கம் 16, அப்புறம் 256, அப்புறம் 65536, அப்புறம் 4294967296, கடைசியில் 18446744073709551616. ஒன்றைக் கழியுங்கள், முடிந்தது. செய்யுளில் குறிலும் நெடிலும் எத்தனை விதமாக அமையும் என்று எண்ணுவதற்கு, பழைய வடமொழி யாப்பு நூலை எழுதிய பிங்கலர் சொன்ன வழியும் இதேதான், பாதியாக்கு, வர்க்கம் எடு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அல்-பிரூனி என்ற அறிஞர் இதே சதுரங்கக் கணக்கைப் போட்டு, கடைசி 615 வரை ஒரு இலக்கம் பிசகாமல் எழுதிவைத்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே கையால் போட்டுச் சரியாக எழுதிய எண்ணை இன்று நாம் சைபர் போட்டு மூடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, காணாமல் போனது எவ்வளவு? 51,615 அரிசி. எங்கள் வீட்டு இட்லி அரிசியில் 10 கிராம் நிறுத்துப் பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். இரண்டு குழுவாக உட்கார்ந்து, தாம்பாளத்தில் பத்துப் பத்தாகத் தள்ளி எண்ணினார்கள், 514 வந்தது. அப்படியானால் ஒரு கிலோவுக்கு 51,400. நீங்கள் விட்டது ஒரு கிலோ அரிசியும் மேலே ஒரு சிட்டிகையும்! அதே கணக்கில் மொத்த அரிசி ஏறக்குறைய 35,900 கோடி டன் வரும். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல் என்பதால், இது கிட்டத்தட்ட 700 வருட விளைச்சல். அதில் ஒரு கிலோ ஒரு பொருட்டா என்றால், எடை போடுகிறவருக்கு இல்லை. எண்ணுக்கு அதுதான் உயிர். இந்த எண் எதனால் வகுபடும், எதனால் வகுபடாது என்பதெல்லாம் கடைசி அரிசி வரை சரியாக இருந்தால்தான் நிற்கும், ஒரு அரிசி கூடினாலும் குறைந்தாலும் அது வேறு எண்.

இவ்வளவு பெரிய எண்ணை எப்படிப் படிப்பது என்றும் பார்த்தோம். நம் வழக்கப்படி 1,84,46,74,40,73,70,95,51,615 என்று கமா வைத்தோம். ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடியே நாற்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முன்னூற்று எழுபது கோடி, அதற்கு மேல் தொண்ணூற்று ஐந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூச்சு விடாமல் யார் சொல்வது என்று அதுவே ஒரு போட்டியாகிவிட்டது.

அடுத்து வகுத்துப் பார்த்தோம். 5-ல் முடிவதால் 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் 1 மீதி, 11-ஆல் வகுத்தால் 4 மீதி. 17-க்கு வந்தபோது எல்லோரையும் நீள் வகுத்தல் போடச் சொன்னேன். இருபது இலக்கத்தையும் ஒவ்வொன்றாக இறக்கி இறக்கி, நோட்டின் ஒரு பக்கம் முழுக்க மாடிப்படி மாதிரி இறங்கியது. ஒருவனுக்கு நடுவில் ஒரு 7 தப்பி, அழித்துவிட்டு மறுபடியும் போட்டான். கடைசியில் மீதி சைபர், ஈவு 1085102592571150095. அப்புறம் நீங்கள் அச்சிட்ட எண்ணையும் வகுக்கச் சொன்னேன். அது 5-ஆலும் வகுபட்டது, இலக்கங்களின் கூட்டுத்தொகை 69 என்பதால் 3-ஆலும் வகுபட்டது. அதாவது 3-க்கும் 5-க்கும் இந்தத் தப்பைப் பிடிக்கத் தெரியவில்லை. 17 பிடித்துவிட்டது, 14 மீதி.

ஏன் 17? எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த இடம் இதுதான், இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

சதுரங்கப் பலகையின் மேல்பாதியில் 32 கட்டம், கீழ்ப்பாதியில் 32 கட்டம். கீழ்ப்பாதியின் ஒவ்வொரு கட்டமும், மேல்பாதியில் அதற்கு நேரான கட்டத்தைப்போல 4294967296 மடங்கு. ஆக மொத்தம் என்பது மேல்பாதியைப்போல 4294967297 மடங்கு. இப்போது கீழ்ப்பாதியை மறந்துவிட்டு மேல்பாதியை மட்டும் பாருங்கள். அதில் நான்கு வரிசை. பின் இரண்டு வரிசை, முன் இரண்டு வரிசையைப்போல 65536 மடங்கு, ஆகவே மேல்பாதி என்பது முதல் இரண்டு வரிசையைப்போல 65537 மடங்கு. இப்படியே தாளை மடிப்பதுபோல் பலகையைப் பாதி பாதியாக மடித்துக்கொண்டே போனால் அடுத்து 257, அப்புறம் 17, அப்புறம் 5, அப்புறம் 3, கடைசியில் கையில் ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு அரிசி. ஆறு மடிப்புக்கு ஆறு எண். 3, 5, 17, 257, 65537, 4294967297. இந்த ஆறையும் பெருக்கினால் நம் எண் வந்து நிற்கும். பெருக்கிக்கொண்டே வரும்போது இடையில் கிடைப்பவையும் சும்மா இல்லை. 15 என்பது அரை வரிசை, 255 என்பது முதல் வரிசை, 65535 என்பது இரண்டு வரிசை, 4294967295 என்பது பாதிப் பலகை.

நிஜமாகவே ஒரு தாளில் 64 கட்டம் வரைந்து மடிக்கச் சொன்னேன். ஆறாவது மடிப்பில் தாள் தடித்துப்போய் விரலால் அழுத்த முடியவில்லை, ஒரு பையன் அதன்மேல் ஏறி நின்றான்.

அந்த ஆறு எண்களில் முதல் ஐந்தும் பகா எண்கள். பிரான்சில் பெர்மா என்ற கணிதர் 1640-வாக்கில் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, ஆறாவதும் பகா எண்தான், அதற்கப்புறம் வருவதெல்லாமும் பகா எண்தான் என்று நம்பினார். அவர் அளவுக்கு எண்களோடு புழங்கியவர்கள் குறைவு, அவரே நம்பினார். 1732-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆய்லர், அப்போது 25 வயது, ஆறாவது எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டிவிட்டார். 641-ஐ 6700417-ஆல் பெருக்கினால் 4294967297.

641-ஐ எப்படிப் பிடிப்பது? அந்த எண்ணை ஏதாவது பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணை 64-ஆல் வகுக்கும்போது 1 மீதி வந்தே தீரும். இந்த விதியை ஆய்லரே நிறுவியிருக்கிறார். ஆக 65, 129, 193, 257, 321 என்று 64, 64-ஆகத் தாண்டிப் பார்த்தால் போதும். அதிலும் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிடுகிறது! ஐந்து வகுத்தல். எங்கள் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அரை மணி நேரத்தில் முடித்தார்கள்.

வகுக்காமலே காட்டவும் ஒரு வழி உண்டு, பெரிய பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். 641 என்பது 5 முறை 128, அதோடு 1. அதே 641 என்பது 625-உம் 16-உம் சேர்ந்தது. 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், 640 என்பது கழித்தல் 1-க்குச் சமம். அதை நான்கு முறை பெருக்கினால் கூட்டல் 1. ஆனால் 640-ஐ நான்கு முறை பெருக்குவது என்றால் 625-ஐ 2-ன் 28-ம் அடுக்கால் பெருக்குவதுதான், ஏனென்றால் 5-ஐ நான்கு முறை பெருக்கினால் 625, 128-ஐ நான்கு முறை பெருக்கினால் 2-ன் 28-ம் அடுக்கு. இந்த 625-க்குப் பதில் கழித்தல் 16 போடலாம், 16 என்பது 2-ன் நான்காம் அடுக்கு. ஆகக் கிடைப்பது 2-ன் 32-ம் அடுக்கு, முன்னால் கழித்தல் குறியோடு, அதன் மீதி 1. அப்படியானால் 2-ன் 32-ம் அடுக்கோடு 1 கூட்டினால் மீதி சைபர். இதை முதல் தடவை கல்லூரியில் பார்த்தபோது அன்று இரவு முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆக நம் அரிசி எண்ணின் பகாக் காரணிகள் ஏழு. 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு முறை வரவில்லை, அதனால் இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1-ஐயும் அதையும் சேர்த்து மொத்தம் 128. பெர்மாவின் வரிசையில் 65537-க்கு அப்புறம் இன்னொரு பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

இன்னொன்று. பலகையின் முதல் 31 கட்டத்தை மட்டும் கூட்டினால் 2147483647. அது பகா எண், 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாது. அதை நிறுவியவரும் இதே ஆய்லர்தான், 1772-ல், கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போன பிறகு. அடுத்த கட்டத்தின் அரிசியை மட்டும் சேர்த்தால் அது பாதிப் பலகை, 3, 5, 17, 257, 65537 என்று உதிர்ந்துவிடுகிறது. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு 17 பக்கம் உள்ள ஒழுங்கான வடிவம் வரையலாம் என்று 1796-ல் 18 வயதில் கணிதர் காஸ் கண்டுபிடித்தாரே, அந்த முறையில் வரைய முடியும் என்று இன்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்க வடிவங்களில் மிகப் பெரியதற்கு இந்தப் பாதிப் பலகை எண்தான் பக்க எண்ணிக்கை. வரைந்தால் கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும்.

காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டுகளை ஒவ்வொன்றாக, சிறியதன்மேல் பெரியது வராமல், தூண் மாற்றி அடுக்குவதாக பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1883-ல் ஒரு புதிர் செய்தார். அதற்கும் இதே எண்ணிக்கையில்தான் தட்டுகளை நகர்த்த வேண்டும், நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் 58 ஆயிரம் கோடி வருடத்துக்கு மேல் ஆகும். நம் போனுக்குள் 64 பிட் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1) இடத்தில் அடங்கும் மிகப் பெரிய முழு எண்ணும் இதுவே. அதற்கு மேல் ஒன்று கூட்டினால், மீட்டர் சுற்றி முடிந்ததுபோல் சைபருக்கு வந்துவிடும். கேரளத்து அம்பலப்புழை கோயிலில் கிருஷ்ணர் ராஜாவோடு சதுரங்கம் ஆடி ஜெயித்த கதையும் இதே அரிசிதான், அந்தக் கடனுக்காகத்தான் இன்றும் அங்கே பால் பாயசம் என்பார்கள். உங்கள் கட்டுரையாளர் இதில் ஒன்றையாவது எடுத்திருக்கலாம். 'மனிதனால் எண்ணவே முடியாத அளவு' என்று எழுதி நிறுத்திவிட்டார். பெரிய எண் என்றதும் பிள்ளைகளைப் பார்த்து வாயைப் பிளக்கச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. இது எண்ணவே முடியாத எண் என்று நினைத்துவிட்டால் எந்தப் பிள்ளையும் அதை வகுத்துப் பார்க்காது. நோட்டும் பென்சிலும் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைப் பிரித்து மேய்ந்துவிடும், என் கண்ணால் பார்த்தேன்.

அதனால் இரண்டு கேட்கிறேன். முதலாவது, திருத்தம் போடுங்கள். எங்கேயாவது ஒரு மூலையில் போடாமல் அதே சிறுவர் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில், நம் கமாக்களோடு போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் ஒருவர் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கட்டும், 87 வர வேண்டும். இரண்டாவது, அதன் கீழே அந்த ஏழு பகா எண்களையும் போட்டு, பெருக்கிப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். விடை எழுதியனுப்பும் பிள்ளைகளின் பெயரை வெளியிட்டால் இன்னும் நல்லது.

அந்தப் பெண் உங்கள் பழைய துண்டைக் கணக்கு நோட்டில் ஒட்டி, கடைசி ஐந்து சைபரையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறாள். அதற்குக் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறாள், திருத்தம் வந்தால் ஒட்டுவதற்கு.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டியூஷன் ஆசிரியை,
மயிலாடுதுறை